599 டொலர் பிளேஸ்ரேஷனும் புளூ-ரே வட்டும்: அந்த விலை நியாயமானதா?

வடலி எழுதியது:

வணக்கம் உறவுகளே. 2024 நவம்பரில் சோனியின் பிளேஸ்ரேஷன் 5 புரோ விளையாட்டுக் கருவி 699.99 அமெரிக்க டொலருக்கு வெளிவந்தபோது அதில் வட்டு இயக்கி இருக்கவில்லை. வட்டு வேண்டுபவர்கள் அதை 79.99 டொலருக்குத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. ஆனால் இதே சோனி நிறுவனம் 2006 நவம்பரில் பிளேஸ்ரேஷன் 3ஐ வெளியிட்டபோது, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், டிவிடியைவிடத் தெளிவான படம் தரும் புளூ-ரே வட்டுக்கான இயக்கியைச் சேர்த்தே கொடுத்து, 20 ஜிகாபைட் கருவிக்கு 499 டொலரும் 60 ஜிகாபைட் கருவிக்கு 599 டொலரும் அறவிட்டது. அதற்கு ஓராண்டு முன்னர் வந்த எக்ஸ்பொக்ஸ் 360 299 டொலரிலிருந்தும், அதே மாதத்தில் வந்த நின்ரெண்டோ வீ 249.99 டொலருக்கும் கிடைத்தன. விளையாட மட்டும் விரும்பிய ஒருவரிடம் திரைப்பட வட்டுக்கான செலவையும் வாங்கியது நியாயமா? புளூ-ரேயுடன் போட்டியிட்ட தொஷிபாவின் எச்.டி. டிவிடி வட்டு தோற்றதற்கு உண்மையில் இந்தக் கருவிதான் காரணமா? அக்காலத்தில் இவற்றைக் கவனித்த அண்ணாமாரும் அக்காமாரும் விளக்கினால் நன்று.

கடலோரம் எழுதியது:

தம்பி வடலி, விலையை மற்றைய விளையாட்டுக் கருவிகளுடன் மட்டும் ஒப்பிட்டால் சோனி அநியாயம் செய்ததாகத்தான் தெரியும். அதே 2006ஆம் ஆண்டு ஜூனில் சாம்சுங் அமெரிக்காவில் வெளியிட்ட முதலாவது புளூ-ரே இயக்கியின் விலை 999 டொலர். அது படம் மட்டுமே காட்டும். பிளேஸ்ரேஷன் 3 கருவியைப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை ஆய்வு நிறுவனம், 60 ஜிகாபைட் கருவியின் தயாரிப்புச் செலவை ஏறக்குறைய 840 டொலர் என மதிப்பிட்டது. அதாவது ஒவ்வொரு கருவியிலும் சோனி 200 டொலருக்கு மேல் இழந்துதான் விற்றது. 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அதன் விளையாட்டுப் பிரிவு 23,000 கோடி யென்னுக்கும் மேற்பட்ட நட்டத்தைக் காட்டியது. இப்படி நட்டத்தில் விற்றவரைக் கொள்ளை இலாபம் அடித்தார் என்று சொல்ல முடியாது.

தும்பை எழுதியது:

கடலோரம் அண்ணா கூறிய கணக்குச் சரியானதே. ஆனால் கேள்விக்கு அது விடையாகாது. நட்டம் சோனிக்கு ஏற்பட்டது என்பதால் வாங்கியவரின் சுமை குறைந்துவிடவில்லை. 2006ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு டொலர் நூறு இலங்கை ரூபாவைச் சற்றே கடந்திருந்தது. 599 டொலர் என்றால் வரியும் போக்குவரத்தும் சேராமலே 60,000 ரூபாவுக்கு மேல். அந்த ஆண்டு ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ-9 வீதி மூடப்பட்டு, யாழ் குடாநாட்டுக்கு அரிசியும் மண்ணெண்ணெய்யும் கப்பலில் வந்துகொண்டிருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். அப்போது எங்கள் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகள். அவற்றில் புளூ-ரே வட்டுக்கும் சாதாரண டிவிடிக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. அமெரிக்காவில்கூட உயர்வரையறைத் தொலைக்காட்சி எல்லா வீடுகளுக்கும் வந்திராத காலம் அது.

எக்ஸ்பொக்ஸை வெளியிட்ட மைக்ரோசொப்ட் நடந்துகொண்ட முறையே எனக்கு நேர்மையாகப் படுகிறது. எச்.டி. டிவிடி இயக்கியைக் கருவிக்குள் வைக்காமல் 199 டொலருக்குத் தனிப் பெட்டியாக விற்றார்கள். விரும்பியவர் வாங்கினார், விரும்பாதவர் பணத்தை வேறு தேவைக்கு வைத்துக்கொண்டார்.

கொக்குவிலான் எழுதியது:

இரு பக்கத்து நியாயத்தையும் வாசித்தேன். ஆனால் விலை ஏன் அவ்வளவு உயர்ந்தது என்பதை ஒருவரும் தொடவில்லை என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

புளூ-ரே, எச்.டி. டிவிடி ஆகிய இரண்டு வட்டுகளும் 405 நானோமீற்றர் அலைநீளமுள்ள நீல-ஊதா லேசரையே பயன்படுத்தின. டிவிடிக்கு 650 நானோமீற்றர் சிவப்பு லேசர். வேறுபாடு வில்லையிலும், தகவல் படலத்துக்கு மேலுள்ள காப்புப் படலத்தின் தடிப்பிலும் இருந்தது. எச்.டி. டிவிடி, டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீற்றர் தடிப்பை வைத்துக்கொண்டதால், பழைய டிவிடித் தொழிற்சாலைகளைச் சிறிய மாற்றங்களுடன் பயன்படுத்த முடிந்தது. ஒரு படலத்தில் 15 ஜிகாபைட் கொண்டது. புளூ-ரே காப்புப் படலத்தை 0.1 மில்லிமீற்றராகக் குறைத்து, எச்.டி. டிவிடியில் 0.65ஆக இருந்த வில்லையின் துளை எண்ணை (ஒளியை எவ்வளவு கூர்மையாகக் குவிக்கும் என்பதைக் காட்டும் எண்) 0.85ஆக உயர்த்தியதால் ஒளிப்புள்ளி மேலும் சிறுத்து, 25 ஜிகாபைட் கிடைத்தது. ஆனால் அவ்வளவு மெல்லிய படலத்தில் ஒரு கீறல் விழுந்தாலே தகவல் கெட்டுவிடும். ஆரம்பகால வட்டுகளைப் பெட்டிக்குள் வைத்தே கொடுத்தார்கள். ரிடிகே நிறுவனத்தின் கடினப் பூச்சு வந்த பின்னரே பெட்டி இல்லாமல் விற்க முடிந்தது. இத்தனைக்கும் மேலாக நீல லேசர் இருவாயிகள் (டயோட்டுகள்) போதிய அளவில் உற்பத்தியாகவில்லை. அதனால்தான் ஐரோப்பிய வெளியீடு 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது.

தும்பை அக்கா, மைக்ரோசொப்ட் தெரிவைக் கொடுத்தது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அந்தத் தெரிவுக்கும் ஒரு விலை இருந்தது. தனிப் பெட்டி எல்லோரிடமும் இல்லாததால் எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுகள் கடைசிவரை 8.5 ஜிகாபைட் டிவிடிக்குள்ளேயே அடங்க வேண்டியிருந்தன. சில பெரிய விளையாட்டுகள் மூன்று, நான்கு வட்டுகளில் வந்தன. மேலும், 2005இல் வந்த எக்ஸ்பொக்ஸில் உயர்வரையறைத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. இணைப்பும் இல்லை.

எச்.டி. டிவிடி ஏன் தோற்றது என்ற கேள்விக்கு, விலை மட்டும் முடிவு செய்யவில்லை என்பதே என் விடை. 2007 நவம்பரில் தொஷிபாவின் ஒரு எச்.டி. டிவிடி இயக்கி அமெரிக்கக் கடைகளில் 100 டொலருக்கும் குறைவாக விற்கப்பட்டது. அப்போதும் அவ்வடிவம் பிழைக்கவில்லை. 2008 ஜனவரி 4ஆம் திகதி, அதுவரை இரு வடிவங்களிலும் படங்களை வெளியிட்டுவந்த வோர்னர் பிரதர்ஸ் புளூ-ரேயை மட்டும் தெரிவு செய்தது. டிஸ்னி, பொக்ஸ், சோனி ஆகியன ஏற்கெனவே அப்பக்கம் நின்றன. பெப்ரவரி 19ஆம் திகதி தொஷிபா எச்.டி. டிவிடி உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. படத் தயாரிப்பாளர்கள் அப்படித் தீர்மானிக்கும் துணிவு எங்கிருந்து வந்தது? விளையாடுபவர்களின் வீடுகளில் ஏற்கெனவே இருந்த இலட்சக்கணக்கான பிளேஸ்ரேஷன்களிலிருந்தே வந்தது. ஆகவே, தாம் கேட்காத ஒரு பொருளுக்கு விளையாடுபவர் பணம் கொடுத்தார் என்ற தும்பை அக்காவின் வாதமும் நிற்கிறது. அந்தப் பணமே வடிவத்தைக் காப்பாற்றியது என்பதும் நிற்கிறது. என் மனம் தும்பை அக்காவின் பக்கமே சாய்கிறது. 2007 நவம்பரில் 40 ஜிகாபைட் கருவி 399 டொலருக்கு வந்துவிட்டது. ஓராண்டு பொறுத்தவர் அதே புளூ-ரே இயக்கியை 599 டொலரைவிட 200 டொலர் குறைவாகப் பெற்றார்.

வடலி எழுதியது:

மிக்க நன்றி. அப்படியானால் இன்று வட்டு இயக்கிக்கு மேலதிகமாகப் பணம் கொடுப்பது பயனுள்ளதா? ரொறன்ரோவிலிருந்து மாமா வரும்போது கொண்டுவருவதாகச் சொல்கிறார்.

கடலோரம் எழுதியது:

கொடுங்கள் தம்பி. வட்டில் வாங்கிய விளையாட்டை முடித்தபின் நண்பருக்குக் கொடுக்கலாம், விற்கலாம். தரவிறக்கியதை அப்படிச் செய்ய முடியாது. நூறு ஜிகாபைட்டைத் தரவிறக்கும் செலவும் எங்களுக்குச் சிறியதல்ல.

கனடாவில் வாங்குவதில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பிளேஸ்ரேஷன் 5 விளையாட்டு வட்டுகளுக்கு வலயக் கட்டுப்பாடு இல்லை. 4கே புளூ-ரே படங்களுக்கும் இல்லை. ஆனால் சாதாரண புளூ-ரே படங்களுக்கு உண்டு: கனடா ஏ வலயம், இங்கிலாந்து பி வலயம், தெற்காசியா சி வலயம். ஆகவே மாமா கொண்டுவரும் கருவியில், இலண்டனிலிருந்து சித்தி அனுப்பும் பி வலயப் படம் ஓடாது. மின்னழுத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பிளேஸ்ரேஷன் 5 எங்கள் 230 வோல்ற்றிலும் இயங்கும். யாராவது பழைய எக்ஸ்பொக்ஸ் 360ஐ அங்கிருந்து அனுப்பினால் மட்டும் அதன் மின்வழங்கிப் பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்காமல் சுவரில் செருக வேண்டாம். வட அமெரிக்கப் பெட்டி 127 வோல்ற்றுக்கு மேல் தாங்காது.