ஓ.டி. (கூடுதல் நேர வேலை) நின்றால் வகுப்பு நிரம்புகிறது, வேலையே போனால் ஏன் யாரும் வருவதில்லை?

பீடோங் மாலை வகுப்பு
மலேசியாவில், கெடா மாநிலத்தின் பீடோங்கில் பெரியவர்களுக்கான வயரிங் வகுப்பில் உதவி செய்கிறேன், வாரம் இரண்டு இரவு. வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்தில் பிறந்து, சுங்கைப் பட்டாணி ஃபேக்டரிகளுக்கு பஸ் ஏறுகிறவர்கள். ஆர்டர் குறைந்து ஓ.டி. நின்றபோது நாற்காலி போதவில்லை. அப்புறம் ஆட்களையே நிறுத்தினார்கள், வகுப்பில் பாதிப் பேரைக் காணோம். வேலை இல்லாதவருக்குத்தானே நேரம் அதிகம்?

ஏ0 அண்ணன்
நேரம் இருக்கும் தங்கச்சி, மனசு இருக்காது. 2009-ல் எனக்கு வேலை போனபோது, திரும்பக் கூப்பிடுவார்கள் என்றே இரண்டு மாதம் காத்திருந்தேன். மோட்டார் தவணை நிற்கவில்லை, பிள்ளையின் பஸ் காசு நிற்கவில்லை, அதனால் செம்பனைக் குலை வெட்டப் போனேன், சாயங்காலம் கையில் காசு கிடைத்தது. ஓ.டி. மட்டும் நின்றவருக்கு அடிப்படைச் சம்பளம் வருகிறது, மாலை காலியாக இருக்கிறது, படிக்க வந்துவிடுவார். நான் சார்ஜ்மேன் (மின் வேலை உரிமம்) படிக்க வந்தது வீட்டுக்காரி வேலைக்குப் போன பிறகுதான்.

குருவி
அண்ணன் சொல்வது சரி, ஆனால் எல்லா நேரமும் அப்படி இல்லை. அமெரிக்காவில் 2008 நெருக்கடிக்குப் பிறகு சமுதாயக் கல்லூரிகள் நிரம்பி வழிந்தன, 2020-ல் அதே கல்லூரிகளில் சேர்க்கை சரிந்தது. நம் நாட்டில் அந்த ஆண்டு மே மாதம் வேலையின்மை 5.3 விழுக்காடு, ஆனால் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டில் பட்டறைகள் மூடிக் கிடந்தன. வெல்டிங்கை ஃபோனில் பார்த்து எப்படிக் கற்பது?

லயத்துப் பொண்ணு
அக்கா, சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை காப்புறுதி பற்றி அவர்களுக்குத் தெரியுமா? 2018-லிருந்து மாதாமாதம் நம் சம்பளத்தில் 0.2 விழுக்காடு அதற்குப் பிடிக்கிறார்கள், முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும், பிறகு குறைந்துகொண்டே வரும். அங்கீகரித்த இடத்தில் பயிற்சிக்குப் போனால் கட்டணமும் தினப்படியும் தருவார்கள். ஆனால் வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அண்ணன் காத்திருந்த மாதிரி இரண்டு மாதம் காத்திருந்தால் போச்சு. இன்னொன்று, "நானாகவே விலகுகிறேன்" என்று கடிதம் நீட்டினால் கையெழுத்துப் போடவே கூடாது. என் தம்பி போட்டான், ஒரு காசு கிடைக்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்து நின்றவர்களுக்கும் கிடையாது, நம் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள், எனக்கு அதை நினைத்தால்தான் ஆத்திரம் வருகிறது.

ஏ0 அண்ணன்
என் காலத்தில் இது இல்லை. இருந்திருந்தால் குலை வெட்டப் போன அந்தக் காலம் வீணாகியிருக்காது.

பீடோங் மாலை வகுப்பு
நன்றி தங்கச்சி. நின்றுபோனவர்களின் பட்டியலை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், ஒருவருக்கு வேலை போய் இன்றோடு 47 நாள் ஆகிறது. ஃபோன் எடுக்கவில்லை, சாயங்காலம் வீட்டுக்கே போகிறேன். சொக்சோவுக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

லயத்துப் பொண்ணு
ஐசி (அடையாள அட்டை), வேலையிலிருந்து நிறுத்திய கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு எண். கடிதம் தரவில்லை என்றாலும் போகச் சொல்லுங்கள் அக்கா.