எலும்புத் தூண்டில் முள் பதக்கம்: அடிவளைவு ஒடிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். நியூசிலாந்தின் பழங்குடிகளான மாவோரிகளின் 'ஹேய் மட்டாவ்' பதக்கத்தை மாட்டுக் கால் எலும்பில் செதுக்குகிறோம். நல்ல உடல்நலம், வலிமை, பத்திரமான கடல் பயணம் ஆகியவற்றைக் குறிக்கும் தூண்டில் முள் வடிவம் அது.

பட்டை 5 மி.மீ. கனம். துளையிட்டு, உள்வளைவை இழைவாளால் அறுத்து, அரம் போடும்போது அடிவளைவில் மயிரிழை விரிசல் விட்டுப் பட்டென ஒடிகிறது. எலும்பின் ரேகை (நார் ஓட்டம்) நீளவாக்கில் ஓடுவதால் தண்டு உறுதி. வளைவில் ரேகை அறுபடுகிறது, அங்கேதான் பலவீனம். கொழுப்பு போக அதிகம் கொதிக்கவிட்டாலும் எலும்பு சுண்ணாம்புபோல் உதிர்கிறது.

வடிவத்தைச் சாய்த்து வரையலாமா? வெளிவளைவைக் கடைசியில் மெலிதாக்கலாமா? வளைவில் பெரணித் தளிர்ச் சுருளான 'கோரு' சேர்த்துக் கனம் கூட்டினால் மரபுக்குப் பொருந்துமா? செதுக்கிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.