யார் சொல்லி அந்தத் தளத்துக்குப் போனீர்கள்?

செந்தூல்வாசி:

வணக்கம். பயனுள்ள 50 இணையத்தளங்கள் என்று மாதம் ஒருமுறையாவது புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு பட்டியல் வந்து விழுகிறது. நானும் அப்புறம் பார்க்கலாம் என்று சேமித்து வைக்கிறேன். ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. எங்கள் வீட்டில் நிஜமாகவே ஒரு காரியத்தை முடித்துக் கொடுத்த தளத்தின் பெயர் ஒரு போட்டோஸ்டாட் கடையில், மீதிச் சில்லறைக்குக் காத்திருந்தபோது காதில் விழுந்தது. அதனால் பட்டியல் வேண்டாம். எந்தத் தளம், எந்த நெருக்கடியில், யார் வாயால் தெரிய வந்தது என்று எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன தீபாவளிக்கு வீட்டை ஒதுக்கும்போது அம்மாவின் பழைய பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு சேமிப்புப் புத்தகம் வெளியே வந்தது. கல்யாணத்துக்கு முன் அம்மா தொழிற்சாலையில் வேலை செய்த காலத்துக் கணக்கு. கடைசி வரி 1988. வங்கிக்குக் கூட்டிப் போனேன். முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "இந்தக் கணக்கு இப்ப இல்ல ஆண்ட்டி" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பணம் எங்கே போனது என்று கேட்டால், "அரசாங்கத்துக்குப் போயிருக்கும்" என்றார். அவ்வளவுதான். அம்மா வீடு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. தொலைந்தது பணமாக இருந்தால் ஆறியிருக்கும். அது அவர் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தது.

ஒரு வாரம் கழித்து, வேறு வேலையாக அந்தப் புத்தகத்தையும் சேர்த்து நகல் எடுக்க ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இகுமிஸ்ல தேடிப் பார்த்தீங்களா?" என்றார். அப்படி ஒரு சொல்லை அன்றுதான் கேட்டேன்.

விஷயம் இதுதான். ஏழு ஆண்டுகள் போடாமல் எடுக்காமல் கிடக்கும் சேமிப்புக் கணக்கின் பணத்தை வங்கி அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். மலேசியாவின் 1965ஆம் ஆண்டுச் சட்டம். மலாயில் 'வாங் தாக் டித்துந்துட்', அதாவது யாரும் கேட்டு வராத பணம். கணக்கு மட்டுமில்லை, கொடுக்க வேண்டிய சம்பளம், லாப ஈவு போன்றவை சட்டம் சொல்லும் காலம் வரை ஆளிடம் போய்ச் சேராவிட்டால் அவையும் அங்கேதான் போகும். அந்தப் பணத்தைத் தேடவும் கேட்டு வாங்கவும் அக்கவுண்டன் ஜெனரல் இலாகா நடத்தும் தளம்தான் இகுமிஸ். தேடுவதற்குக் காசு கிடையாது.

அம்மாவின் பெயரில் பதிந்து, புதிய ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. அம்மா சமையலறையிலிருந்தே, "அப்ப எனக்குப் பழைய ஐசிதானே இருந்துச்சு" என்றார். அந்த ஏழு இலக்கங்கள் அவருக்கு இன்னும் மனப்பாடம். போட்டதும் வந்துவிட்டது: 743 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு.

நடுவில் ஒருவர் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்லி முப்பது விழுக்காடு கேட்டார். ஐசி நகலும் வங்கி விவரமும் கொடுத்தால் முடிகிற வேலைக்கு எதற்கு முப்பது விழுக்காடு? நானே முடித்தேன். பணம் வந்த அன்று அம்மா அந்தப் பழைய புத்தகத்தைத் திரும்ப டின்னுக்குள்ளேயே வைத்தார். சரி, அடுத்தவர் வாங்க.

மோட்டார் பையன், கெப்போங்:

என்னுடையது சின்னக் கதை. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று முகநூலில் பார்த்தேன். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. நம்பாமல் இருந்திருக்க வேண்டும். 500 வெள்ளி முன்பணம் போட்டால் வேறு யாருக்கும் காட்ட மாட்டேன் என்றார் விற்பவர். கணக்கு எண்ணையும் வாங்கிவிட்டேன். பக்கத்தில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்த மாமா கைத்தொலைபேசியைப் பிடுங்காத குறையாக வாங்கி, அந்த எண்ணைப் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டினார். அந்தக் கணக்கின் மேல் ஏற்கெனவே புகார்கள் இருந்தன. மாமா ஒன்றும் சொல்லவில்லை, மிச்ச ரொட்டியைத் தின்று முடித்தார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

ஒன்று மட்டும். அங்கே புகார் இல்லை என்று வந்தால் ஆள் யோக்கியர் என்று அர்த்தமில்லை. யாரும் இன்னும் புகார் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். பணத்தை ஏற்கெனவே அனுப்பித் தொலைத்தவர்கள் தளம் எதையும் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மோசடிப் புகாருக்கான 997க்கு அழையுங்கள்.

பட்டர்வர்த் பேரன்:

நான் சொல்லப் போகிற தளம் யாருக்கும் காசு வாங்கித் தராது. ஆனால் எங்கள் அப்பாயிக்கு அது கொடுத்ததை நான் எதோடும் ஒப்பிட மாட்டேன்.

அப்பாயி தஞ்சாவூர்ப் பக்கம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி 1951இல் பினாங்கில் இறங்கியவர். அப்போது பதினேழு வயது. அவர் வந்த கப்பல் ராஜுலா. இந்தப் பெயரைக் கேட்டு வளராத தமிழ் வீடு பினாங்கில் குறைவு. எங்களுக்கு அது ஒரு கதைப் பெயர் மாதிரி, அலாவுதீன் விளக்கு மாதிரி. அப்படி ஒரு இரும்புக் கப்பல் இருந்தது, அதற்குப் படம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

ஒரு நாள் பெர்ரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கப்பல் பேச்சு வந்தது. ராஜுலா என்றதும் அவர் சொன்னார்: "அது பி.ஐ. கம்பெனி கப்பல் தம்பி. அந்தக் கம்பெனி 1914லயே பி அண்ட் ஓவோட சேர்ந்திருச்சு. கப்பலோட கணக்கு வழக்கெல்லாம் அவங்ககிட்டதான் இருக்கும்." பி.ஐ. என்றால் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன், பி அண்ட் ஓ இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி. நான் அத்தனை நாளும் ராஜுலா என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். கப்பலைத் தேடினால் கம்பெனியைத் தேட வேண்டும் என்பது அந்த ஐயா சொல்லித்தான் புரிந்தது.

பி அண்ட் ஓவின் மரபுக்கென்றே ஒரு தளம் இருக்கிறது. பழைய கப்பல்கள் பலவற்றுக்கும் தனித்தனிக் குறிப்புத் தாள். ராஜுலாவுக்கும் இருந்தது. 1926இல் கிளாஸ்கோவில் கட்டியது. 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்று, பெயரை ரங்கத் என்று மாற்றி, மறு ஆண்டே உடைத்துவிட்டார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். நம் ஆட்களில் பெரும்பாலோர் மேல்தளத்துப் பயணிகள். அறை கிடையாது, பாய் விரித்த இடம்தான்.

படத்தை உடனே காட்டவில்லை. முதலில், "அப்பாயி, கப்பல் பார்க்க எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். அவருக்குப் போன வாரம் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம் என்பது நினைவில் இல்லை. இதற்கு யோசிக்கவே இல்லை. "கறுப்புப் புகைக்குழா. அதுல ரெண்டு வெள்ளப் பட்ட." பி.ஐ. கப்பல்கள் எல்லாவற்றுக்கும் அடையாளமே அதுதான், கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். இல்லை. பின்பக்கத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்து, "இங்கதான் படுத்திருந்தோம். இந்தப் பக்கம் வாந்தி எடுத்தவங்க" என்றார். அதற்கப்புறம் நாங்கள் யாரும் கேட்டிராத கதையெல்லாம் வர ஆரம்பித்தது. கூட வந்த ஒரு பெண்ணின் பெயர், கரையில் இறங்கியதும் குடித்த முதல் கோப்பி, கொண்டு வந்த ஊறுகாய்ச் சாடி உடைந்தது. எழுபது ஆண்டுக்கு மேல் அவர் சொல்லாமல் இருந்தார் என்பதை விட, நாங்கள் சரியாகக் கேட்கத் தெரியாமல் இருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் மகள் இன்னும் ஒரு படி மேலே போனாள். சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் அந்தக் கால மலாயா, பினாங்குப் பத்திரிகைகள் இருக்கின்றன, தமிழ் முரசும் இருக்கிறது. கப்பல் வருகை விளம்பரங்களில் ராஜுலா என்று தேடி, "மாசி மகம் முடிஞ்சு வந்தேன்" என்று அப்பாயி சொன்னதோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பழைய அச்சைக் கணினி தப்பாகப் படிக்கும், எழுத்தை மாற்றி மாற்றித் தேட வேண்டும். நீங்கள் தேடுவது எம்.வி. சிதம்பரம் கப்பல் என்றால் 1973க்கு அப்புறம் பாருங்கள், அது 1985இல் தீப்பிடித்ததோடு இந்தக் கடல்வழியே முடிந்துபோனது.

ஆற்றோரத்துக்காரி, கோலாலம்பூர்:

பேரன் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு வெள்ளத்தைப் பற்றி எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் அடுக்குமாடி கோம்பாக் ஆற்றுக்குப் பக்கம், கார் நிறுத்துமிடம் தாழ்வு. ஒரு மாலை எங்களுக்கு ஒரு துளி மழை இல்லை, ஆறு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. மேலே மலைப்பக்கம் கொட்டிய மழை எங்களிடம் தாமதமாக வரும் என்பது எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை. காவலுக்கு இருந்த பக் சிக் (மலாய்ப் பெரியவர்) தன் கைத்தொலைபேசியைக் காட்டிச் சொன்னார்: "தெங்கொக் சுங்கை, ஜாங்ஙான் தெங்கொக் லாங்கிட்." வானத்தைப் பார்க்காதே, ஆற்றைப் பார்.

அவர் காட்டியது நீர்வடிகால் இலாகாவின் பப்ளிக் இன்போபாஞ்சிர். ஒவ்வோர் ஆற்றிலும் அளவு நிலையங்கள், மீட்டர் கணக்கில் நீர்மட்டம். சாதாரணம், அடுத்து வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), கடைசியில் பஹாயா (ஆபத்து). நமக்கு மேல்பக்கம் இருக்கும் நிலையத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் சூட்சுமம். நம் வீட்டுப் பக்கத்து நிலையம் சிவப்பாகும்போது நேரம் கடந்துவிட்டிருக்கும். எண் எத்தனை மணிக்குப் பதிவானது என்பதும் அங்கேயே இருக்கும், அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இப்போது மேல் நிலையம் வஸ்பாடாவைத் தொட்டால் காரை மேட்டுக்கு ஓட்டிவிடுகிறேன். சில தடவை வீண்தான். பக்கத்து வீட்டு அங்கிள் சிரிப்பார். சிரிக்கட்டும், அவர் காருக்குள் தண்ணீர் போன அன்று நான் சிரிக்கவில்லையே.

டீச்சர், பினாங்கு:

ஐந்தாம் ஆண்டு மாணவர்களை லெபோ பினாங்குக்கு நடத்திக் கூட்டிப் போனோம். செட்டியார்களின் பழைய கட்டடத்தைக் காட்டி, இது கிட்டங்கி என்றேன். ஒரு வாண்டு, "கிட்டங்கினா என்ன டீச்சர்?" என்று கேட்டான். "செட்டியார் இடம்" என்று சமாளித்தேன். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அது பதிலில்லை என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

அன்று இரவு பயிற்சிக் கல்லூரித் தோழியிடம் புலம்பினேன். அவள்தான் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அகராதிப் பக்கத்தை அனுப்பினாள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முழுவதும் அங்கே இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள், தமிழிலேயே தட்டித் தேடலாம். கிட்டங்கி என்றால் சரக்கு வைக்கும் இடம். மறுநாள் அவனிடம் சொன்னேன். அத்தோடு விட்டானா? இன்னொரு சொல் பார்ப்போம் என்று வகுப்பே பிடித்துக்கொண்டது. காலையில் 'பசியாறியாச்சா' என்று நாம் கேட்கிறோமே, அதை வீட்டுப் பேச்சு, எழுதக் கூடாது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். பசியாறு அந்த அகராதியில் இருப்பதைப் பார்த்ததும் ஒரு பெண், "டீச்சர், நம்ம சொல்லு!" என்று கத்தினாள்.

மதுரைத் திட்டம் பற்றியும் சொல்ல ஆசை. 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கியது, சங்க இலக்கியம் முதல் இலவசமாகப் படிக்கலாம். அது பலருக்குத் தெரிந்ததே. மலாய்க் கட்டுரைக்குத் திணறும் பிள்ளைகளுக்கு மலாய் மொழிக்கான அரசு அமைப்பு டேவான் பஹாசாவின் பிஆர்பிஎம் அகராதித் தளம் போதும்.

பேரன் தம்பி, அப்பாயி சொல்வதையெல்லாம் குரலில் பதிந்து வையுங்கள்.

பட்டர்வர்த் பேரன்:

பதிந்துகொண்டுதான் இருக்கிறோம் டீச்சர். ஆனால் கைத்தொலைபேசியை முன்னால் வைத்தால் மேடைப் பேச்சு மாதிரி பேசுகிறார். தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறோம்.

செந்தூல்வாசி:

என் வீட்டு நிலவரத்தைக் கேளுங்கள். அம்மா விஷயத்தைக் கோயிலில் சொல்லிவிட்டார். போன வாரம் ஐந்து பெண்மணிகள் வந்தார்கள், ஆளுக்கொரு பழைய ஐசி எண்ணைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு. எண்ணைப் புலனத்தில் அனுப்பாதீர்கள், நேரில் வாருங்கள் என்று நான்தான் சொல்லி வைத்தேன், அது இப்படி ஆகிவிட்டது. நான்கு பேருக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்கு 212 வெள்ளி. அவருக்கு எந்த வேலையில் கிடைத்த பணம் என்றே நினைவில்லை, நாங்கள் எல்லாரும் சேர்ந்து யோசித்துக்கொண்டிருந்தோம். வியாழக்கிழமை இன்னும் மூன்று பேர் வருகிறார்களாம். அம்மா உளுந்து ஊறப் போட்டிருக்கிறார்.