காகிதக் கைப்பாவையின் வாய் கிழிந்துபோகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி – வாசல்வேம்பு

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. பஞ்சதந்திரத்தில் வரும் குரங்கும் முதலையும் கதையை, இந்தப் பருவம் முடிவதற்குள் என் வகுப்புப் பிள்ளைகள் 24 பேரும் தாங்களே செய்த கைப்பாவைகளைக் கொண்டு நடத்திக் காட்ட வேண்டும் என்று விரும்புகிறேன். மளிகைக் கடையில் சாமான் போட்டுத் தரும் பழுப்புக் காகிதப் பையைத் தலைகீழாகப் பிடித்து, அதன் அடிமடிப்பை வாயாகக் கொண்டு, முகத்தை வரைந்து ஒட்டும் முறையில்தான் தொடங்கினோம்.

பார்ப்பதற்கு அழகாகத்தான் வந்தது. ஆனால் பிள்ளைகள் பேச வைக்கத் தொடங்கியதும் பாதிப் பாவைகளின் வாய் ஓரங்கள் கிழிந்துவிட்டன; மீதியில் சிலவற்றின் வாய் பசையில் ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. கெட்டியாக இருக்கட்டும் என்று சார்ட் அட்டையில் வெட்டி ஒட்டிய முதலை முகமோ பாரம் தாங்காமல் முன்பக்கம் தொங்கிவிட்டது. கிழியாமலும் தொங்காமலும் இருக்க எந்தக் காகிதத்தை, எப்படிப் பயன்படுத்துவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். செலவு அதிகம் இல்லாத வழியாக இருக்கட்டும்.

மறுமொழி – பழைய பைண்டர்

அம்மா, முப்பது ஆண்டுகள் புத்தகம் பைண்டு செய்தவன் என்ற முறையில் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மரத்துக்கு இருப்பதைப் போலவே இயந்திரத்தில் செய்த காகிதத்துக்கும் இழையோட்டம் உண்டு. தாளை மடிக்காமல் இலேசாக வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் நீளவாக்கில்தான் இழை ஓடுகிறது. இழையோடு மடித்தால் மடிப்பு கத்தி போல் விழும். குறுக்கே மடித்தால் மடிப்பின் முதுகில் நார் உடைந்து வெள்ளையாகத் தெரியும், அந்த இடம்தான் பிறகு கிழியும். ஆகவே ஒட்டும் துண்டுகளை வெட்டும்போது, வாய் மடிப்பு இழையின் போக்கிலேயே விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பையின் வாய் ஓரம் கிழிவதற்கு இன்னொரு காரணம், பை பிள்ளையின் கைக்கு நீளமாக இருப்பது. விரல்நுனி மடிப்பைத் தாண்டாவிட்டால் பிள்ளை இழுத்து இழுத்துத்தான் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். பையின் திறந்த பக்கத்தை, மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை கீழே வருமளவு விட்டு வெட்டிவிட்டால், கை தானாக மேலே போய்ச் சேரும்.

பசையைப் பொறுத்தவரை, ஒரு பங்கு மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து ஐந்து பங்கு தண்ணீரில் காய்ச்சிய பசையே போதும். பூச்சி அரிக்காமல் இருக்க நாங்கள் பட்டறையில் மயில்துத்தம் சேர்ப்போம். அது நஞ்சு என்பதால் பிள்ளைகள் கைவைக்கும் பசையில் அதை ஒருபோதும் சேர்க்கக் கூடாது, அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றே தீர்த்துவிடுங்கள். பசை தண்ணீராக இருந்தால் காகிதம் ஊறிச் சுருளும். முகத்துண்டின் ஓரத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவி, வாயின் உள்ளே ஒரு பழைய செய்தித்தாள் துண்டைச் செருகி வைத்தபடி உலரவிட்டால் வாய் ஒட்டிக்கொள்ளாது. சார்ட் அட்டை வேண்டாம். பையின் காகிதத்திலேயே காதையும் மூக்கையும் வெட்டுங்கள்.

மறுமொழி – மடிப்புக்காரி

ஐயா சொன்னது அனைத்தும் சரி. ஆனால் முதலைக்குப் பையே பொருந்தாது என்பது என் எண்ணம். பையில் அசைவது மேல்தலைதான். கீழ்த்தாடை அசையாமல் பையோடு நிற்கும். முதலைக்கு நீண்ட வாய் வேண்டும், இரண்டு தாடையும் விரிய வேண்டும். அதற்குப் பசையே இல்லாத வழி ஒன்று இருக்கிறது.

ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். அதை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் 7 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை கிடைக்கும். பிரியாமல் இருக்க நடுவில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டுங்கள். பட்டையைக் குறுக்கே சரிபாதியாக மடியுங்கள். பிறகு திறந்த முனை ஒவ்வொன்றையும் வெளிப்பக்கமாகத் திருப்பி, நடுமடிப்பின் விளிம்புவரை கொண்டுவந்து மடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தாள் வளைந்து வளைந்து செல்வது தெரியும். இப்போது நடுமடிப்பு இருக்கும் பக்கத்தில் மேலே ஒரு பையும் கீழே ஒரு பையும் இருக்கும். மேலே நான்கு விரல், கீழே கட்டை விரல். ஆறு ஏழு வயதுப் பிள்ளையின் கைக்கு அந்த அகலம் அளவெடுத்தது போல் அமைந்துவிடும். வாயின் நீளம் ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர். முதலைக்குப் போதாது என்றால் நுனியில் மட்டும் மெல்லிய தாளில் மூக்கை நீட்டுங்கள்.

பல்வரிசைக்கு ஒரு துண்டுத் தாளைக் கோணல்மாணலாக வெட்டி வாயின் உள்ளே ஒட்டிக்கொள்ளலாம். ஸ்கெட்ச் பேனாவின் மை தாளை நனைத்து மடிப்பை நைந்துபோகச் செய்துவிடும் என்பதால் வண்ணத்துக்கு மெழுகுக் கட்டியே நல்லது. வண்ணம் தீட்டுவதை மடிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். மடித்த பிறகு அழுத்தித் தீட்டியதில் என் மகனின் தவளை நசுங்கி, அன்று மாலை முழுவதும் அவன் என்னோடு பேசவில்லை.

மறுமொழி – திரைமறைவு

பாவை செய்வதைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆட்டுவதைப் பற்றிச் சிறிது சொல்கிறேன், ஏனெனில் கிழிவதில் பாதி அங்கேதான் நடக்கிறது. பிள்ளைகள் பேசும்போது வாயைப் ‘பட்டென்று’ மூடுவார்கள். அசைக்கு ஒரு முறை வாய் திறக்க வேண்டுமே தவிர, அசைக்கு ஒரு முறை கடிக்கக் கூடாது. “குரங்கே” என்பதற்கு மூன்று திறப்பு. மடிப்புப் பாவையில் மேல்விரல்களை அசைக்காமல் கட்டை விரலை மட்டும் இறக்கப் பழக்குங்கள். தலை ஆடாமல் கண் ஓரிடத்தில் நிற்கும், மேல்மடிப்பும் தேயாது. மணிக்கட்டைச் சற்று முன்னால் வளைக்காவிட்டால் பாவை கூரையைத்தான் பார்க்கும்.

குரங்கு மரமேறும், பழம் எறியும். அதற்கு வாயைவிடக் கை முக்கியம். கேரளத்தின் பாவைக்கதகளியில் செய்வது போல, ஆள்காட்டி விரல் தலையிலும், கட்டை விரலும் நடுவிரலும் இரு கைகளிலும் இருக்கும்படி செய்யலாம். அங்கே தலையும் கைகளும் மரம். உங்களுக்குச் செய்தித்தாளைக் கசக்கி உருட்டிய தலையும், விரல் நுழையும் ஒரு காகிதக் குழலும், கைக்குட்டை ஒன்றும் போதும். நம் ஊர்த் தோல்பாவைக் கூத்தில் பாவை திரைக்குப் பின்னால் நிழலாகத் தெரிவது; கைப்பாவை திரைக்கு மேலே எழுந்து நிற்பது. எனவே இரண்டு பெஞ்சுகளைத் தூக்கி நிறுத்தி, ஒரு பழைய வேட்டியைப் பிள்ளையின் தலை மறையும் உயரத்துக்குக் கட்டுங்கள். கையைத் தூக்கியபடி ஒரு பிள்ளையால் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் நிற்க முடியாது. 24 பேர் இருப்பதால் காட்சிக்குக் காட்சி ஆள் மாற்றுவதில் உங்களுக்குத் தொல்லை இருக்காது.

மறுமொழி – வாசல்வேம்பு

மூவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை ஆறு பிள்ளைகளோடு மட்டும் செய்து பார்த்தேன். ஒருபக்கம் அச்சிட்டு வீணான தாள்களை ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு கட்டு சும்மாவே கொடுத்தார். மடிப்பு முதலைகள் ஆறில் ஐந்து கிழியவில்லை. ஆறாவதற்குச் சொந்தக்காரன் கட்டை விரலை மேலேயும் நான்கு விரல்களைக் கீழேயும் விட்டு ஆட்டியதால் ஓரம் விட்டுவிட்டது. அவன் முதலை தலைகீழாகத்தான் பேசும் என்று பிடிவாதம் பிடித்ததால் இன்னொரு தாள் கொடுத்திருக்கிறேன்.

கட்டை விரலை மட்டும் இறக்குவது பெரியவர்களுக்கே கடினமாக இருக்கிறது. ஒரு கண்ணாடி முன்னால் நின்று பழகச் சொன்னதும் பிள்ளைகள் என்னைவிட விரைவாகப் பிடித்துக்கொண்டார்கள். குரங்குக்குக் கைக்குட்டை உடுத்திய பாவையே என்று முடிவாகிவிட்டது. ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. குரங்கு தன் இதயத்தை மரத்திலேயே விட்டுவந்ததாகப் பொய் சொல்லும் அல்லவா? அந்த இதயம் நாவல் மரத்தில் உண்மையாகவே தொங்க வேண்டும், இல்லாவிட்டால் முதலை எப்படி நம்பும் என்று ஒரு பெண் கேட்கிறாள். தொங்கினால் அது பொய்யாகாதே என்று இன்னொருத்தி சண்டைக்கு நிற்கிறாள். திங்கட்கிழமை வகுப்புக்குப் போவதற்குள், சிவப்புத் தாள் வாங்குவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்தாக வேண்டும்.