நாட்டுக்கோழிக்கு பழம் கொடுக்கலாமா?

மாடித்தோட்டம்:
மொட்டை மாடில நாலு நாட்டுக்கோழி வளர்க்கிறேன், வெயில் தாங்காம வாயைத் திறந்துட்டு மூச்சு வாங்குதுங்க, பாவமா இருக்குன்னு ரெண்டு நாளா தர்பூசணி போட்டேன், இப்ப எச்சம் தண்ணியா போகுது, பயமா இருக்கு. நிறுத்திடவா?

கம்பங்காடு:
பயப்படாதீங்க அக்கா, தர்பூசணில முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான், அதான் அப்படி போகுது. கோழி சுறுசுறுப்பா இருந்து தீவனமும் எடுத்தா ஒண்ணுமில்ல. ஆனா சோர்ந்து உக்காந்துட்டா, இல்ல எச்சத்துல ரத்தம் தெரிஞ்சா உடனே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. பழம் எல்லாம் சாயந்திரம் கொஞ்சமா போடுங்க, காலையிலயே போட்டா அதுல வயிறு ரொம்பி கம்பு, குருணை, தீவனம் எதையும் தொடாது, அப்புறம் முட்டை குறையும். மொத்த சாப்பாட்டுல பத்துல ஒரு பங்குக்கு மேல வேணாம்.

மாடித்தோட்டம்:
ரொம்ப நன்றி தம்பி. வேற என்ன பழம் போடலாம்?

முட்டைக்காரம்மா:
பப்பாளி, கொய்யா, வாழைப்பழம், மாம்பழம் எல்லாம் போடலாம்மா. ஆப்பிள்னா விதையை எடுத்துடுங்க, அதுல சயனைடு உண்டாக்குற பொருள் இருக்கு. அவகாடோ மட்டும் வேணவே வேணாம், தோல், கொட்டை, சதை எதுவுமே, அதுல இருக்கிற பெர்சின்ங்கிற நச்சு பறவைங்களோட இதயத்தையே பாதிக்கும். பூஞ்சை பிடிச்ச பழத்தை கோழிக்குத்தானேன்னு தயவுசெஞ்சு போடாதீங்க. மிச்சத்தை ராத்திரி அள்ளிடுங்க, எலி வரும்.