ஹன்னா செனெஷ் பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க

மக்களே, ஹன்னா செனெஷ் பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டு இருக்கேன். 1921ல புடாபெஸ்ட்ல பொறந்த யூதப் பொண்ணு, 1939ல பாலஸ்தீனம் போய் நஹலால்ங்கற யூத விவசாயக் கிராமத்துல விவசாயம் படிச்சு, அப்புறம் பிரிட்டிஷ் படையில சேர்ந்து 1944 மார்ச்ல யுகோஸ்லாவியாவுல பாராசூட்ல குதிச்சாங்க, ஜூன்ல பார்டர் தாண்டி ஹங்கேரிக்குள்ள போனதுமே மாட்டிக்கிட்டாங்க. அவங்க ரேடியோவோட ரகசியக் குறியீடு (code) கேட்டு அடிச்சு, பெத்த அம்மாவையே கொண்டுவந்து முன்னாடி நிறுத்தியும் சொல்லல. நவம்பர் 7 சுட்டுட்டாங்க, வயசு 23தான். (அந்த அம்மா சீன்தான் எழுத வரவே மாட்டேங்குது.)

எனக்கு வேண்டியது பாராசூட் ட்ரெய்னிங் எப்படி இருந்துச்சு, யுகோஸ்லாவியாவுல நாஜிகள எதிர்த்துச் சண்டை போட்ட டிட்டோவோட கெரில்லாக்கள்கூட இருந்த மாசங்கள்ல என்ன நடந்துச்சுங்கறதுதான். ஹீப்ரு இல்ல ஹங்கேரியன் படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? விக்கி லிங்க் மட்டும் வேணாம் ப்ளீஸ், அத முழுசா படிச்சாச்சு.