பாங்கு சொன்ன நேரத்தில் ஒரு நிமிடம் ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாமா?

வலதுபக்கப் பின்வரிசை:
சனிக்கிழமை திருகோணமலையில் எங்கள் உதைபந்தாட்ட அரையிறுதி. நாலு மணிக்குத் தொடங்கி 1-1 என்று மேலதிக நேரத்துக்குப் போனது. ஆறே கால் இருக்கும், பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. எங்கள் கோல் காப்பாளர் கிண்ணியாப் பொடியன், நோன்பு. கம்பத்தடியில் துணியில் சுற்றி வைத்திருந்த பேரீச்சம்பழத்தை எடுக்கக் கையுறையைக் கழற்றினான். அதற்குள் பந்து வந்துவிட்டது. வெறுங்கையோடு பாய்ந்து பிடித்தான். பழம் மண்ணுக்குள். ஒரு நிமிடம் தாருங்கள் என்று கேட்டோம். மத்தியஸ்தர் மறுத்துவிட்டார். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2021 முதல் இதற்காக ஆட்டத்தை நிறுத்துகிறார்கள். எங்கள் ஊரில் முடியாதா?

பழைய விசில்:
தம்பி, பொடியனை நினைத்தால் எனக்கும் மனம் கேட்கவில்லை. ஆனாலும் மத்தியஸ்தர் செய்தது சரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் எரிக் லிடல் என்ற ஓட்ட வீரர், தீவிரக் கிறிஸ்தவர், ஞாயிறு கடவுளுக்குரிய நாள், அன்று ஓட மாட்டேன் என்று 100 மீற்றரை விட்டார். போட்டித் திகதியை மாற்றச் சொல்லவில்லை. 400 மீற்றரில் 47.6 செக்கனில் ஓடித் தங்கம் எடுத்தார். முப்பாய்ச்சல் வீரர் ஜொனதன் எட்வர்ட்ஸும் 1991 உலகச் சம்பியன்ஷிப்பை ஞாயிறுக்காகவே விட்டவர். நம்பிக்கை என்னுடையது என்றால் இழப்பும் என்னுடையதுதான். எங்கள் ஊரில் வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு பூசை, பௌத்தரின் போயா, கோணேசர் திருவிழா என்று எல்லாம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விசில் ஊதினால் எப்போது விளையாடுவது?

உப்புவெளி அக்கா:
அண்ணா, லிடலுக்கு அட்டவணை பல மாதம் முன்பே தெரியும். 400 மீற்றருக்குப் பயிற்சி எடுக்க நேரம் இருந்தது. இந்த ஆட்டம் காலையில் என்றிருந்ததை இரண்டு நாளுக்கு முன்தான் பின்னேரத்துக்கு மாற்றினார்கள். இன்னொன்றும் சொல்கிறேன். தொடக்கத்தில் எங்கள் அணி மைதான ஓரத்தில் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்ததில் ஐந்து நிமிடம் போனது. அந்தப் பிள்ளை கையுறையோடு தள்ளி நின்று காத்திருந்தான். அப்போது யாரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லையே?

பழைய விசில்:
நான் நின்றிருந்தால் அதையும் விட்டிருக்க மாட்டேன், தங்கச்சி. கோயிலில் உடைத்துவிட்டு வரட்டும்.

கிண்ணியா நானா:
நானும் நோன்போடு விளையாடியவன். பயணத்தில் நோன்பை விட மார்க்கம் இடம் தருகிறது. ஆனால் 2009இல் பாலம் திறந்த பிறகு, கிண்ணியாவிலிருந்து வருவதைப் பயணம் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பிள்ளை இரக்கம் கேட்கவில்லை. நோன்பு திறக்க ஒரு மிடறு தண்ணீர் போதும். அதைக் கோல் அடிப்பார்களோ என்ற பயமில்லாமல் குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வலதுபக்கப் பின்வரிசை:
நானா சொன்னது விதியிலேயே இருக்கிறது. ஏழாம் விதிப்படி, போட்டி விதிகளில் சேர்த்திருந்தால் ஒரு நிமிடத் தண்ணீர் இடைவேளை விடலாம். இரண்டு அணிக்கும் பொது. அடுத்த பருவத்துக்கு எழுதிக் கொடுக்கப் போகிறோம்.

பழைய விசில்:
தண்ணீர் இடைவேளை என்று எழுதினால் நானும் கையெழுத்து வைப்பேன். நோன்புக்கு என்று எழுதினால் வைக்க மாட்டேன்.

வலதுபக்கப் பின்வரிசை:
அப்படியென்றால் உங்கள் கையெழுத்து இல்லாமலேதான் கொடுக்க வேண்டும், அண்ணா. அவன் எங்கள் தேங்காய்க்காகக் காத்து நின்றவன். அவனுடைய நோன்பை வேறு பெயரில் ஒளித்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.